அக்கா தூக்கிய எடை

அந்த அறையின் நடுவில் ஒரு நாற்காலி மட்டும் கிடந்தது. கைப்பிடி இல்லாத, சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி. என் அக்கா கஸ்தூரி அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே நூருல் என்ற இளம் பிசியோதெரபிஸ்ட், கையில் ஒரு கடிகாரத்துடன் நின்றாள்.

"கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள், ஆன்ட்டி. எங்கேயும் ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அக்கா புன்னகைத்தாள். இதற்காகவா செம்பவாங்கிலிருந்து இவ்வளவு தூரம் வரச்சொன்னீர்கள் என்பது போன்ற புன்னகை. கைகளைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். உடம்பு கொஞ்சம் எழும்பியது. பிறகு, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தது போல, திரும்ப நாற்காலியில் போய் விழுந்தது.

மறுபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. தொடை நடுங்குவது பேன்ட் துணி வழியாகத் தெரிந்தது. மூன்றாவது முறை அவளை அறியாமலே கை இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டது. நூருல் சட்டென்று அருகில் வந்து அவள் முழங்கையைத் தாங்கினாள்.

"நாற்காலி ரொம்பத் தாழ்வா இருக்கு, விஜி" என்று என்னிடம் தமிழில் சொன்னாள் அக்கா.

நாற்காலி தாழ்வாக இல்லை.

நூருல் என்னையும் உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொன்னாள். அக்கா ஒல்லி, நான் பருமன். நான் பாதி எழுந்து, அங்கேயே ஒரு கணம் தொங்கிவிட்டு, தொப்பென்று விழுந்தேன். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். முதலில் சிரிப்பை நிறுத்தியவள் அக்காதான்.

"நான் தினமும் நடக்கிறவள்" என்று நூருலிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "ஒருநாள் விட்டதில்லை. என் இதயம் இளம்பெண்ணின் இதயம் மாதிரி இருக்கிறது என்று உங்கள் டாக்டரே சொன்னார்."

"இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆன்ட்டி. கால்தான் அதைத் தூக்கிக்கொண்டு எழ மாட்டேன் என்கிறது" என்றாள் நூருல்.

இந்தத் தொடரில் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாட்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்காவைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். இந்த வாரம் எழுத உட்கார்ந்தபோது முதலில் கண்ணில் வந்து நின்றது அந்த நாற்காலிதான்.

நடந்தே வாழ்ந்தவள்

அக்கா நடக்க ஆரம்பித்ததற்குக் காரணம் அத்தானின் சாவு.

அத்தான் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரு மத்தியானம் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அறுபதுகூட ஆகவில்லை. எங்கள் அப்பாவும் அப்படித்தான் போனார். பிள்ளைகள் இல்லாத அக்கா அந்த நான்கறை வீட்டில் தனியாகிப் போனாள். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த மறுவாரம், ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் காலணி வாங்கி வந்தாள்.

"நெஞ்சு வலியில மட்டும் நான் சாகக்கூடாது, விஜி" என்றாள்.

அன்றிலிருந்து விடியும்போது கிளம்பிவிடுவாள். செம்பவாங் பூங்கா வரை போய், கடலோரமாக நடந்து, படகுத்துறையில் தூண்டில் போடும் மலாய்க்காரப் பெரியவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு வேறு வழியாகத் திரும்புவாள். மழை பெய்தால் குடை. புகைமூட்டக் காலத்தில் முகக்கவசம். அவள் வீட்டு வாசலில் எந்நேரமும் அந்தக் காலணி சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருக்கும். ஈரப் புல்லும் கடல் உப்பும் கலந்த ஒரு வாடை அதில் இருக்கும்.

நானோ நாற்காலியிலேயே காலம் கழித்தவள். வேலை அப்படி. பொங்கோலில் என் வீட்டுக்குக் கீழேயே நீர்முகப்பில் அழகான நடைபாதை இருந்தும், அதைச் சன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. உறவினர் வீட்டு விசேஷங்களில் அக்காவைத்தான் எனக்கு உதாரணம் காட்டுவார்கள். "கஸ்தூரியப் பாரு, குச்சி மாதிரி எப்படி இருக்கா!"

குச்சிதான். அதுதான் பிரச்சினை என்று யாருக்குத் தெரிந்தது?

நடுவில் ஒருமுறை அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். அதையும் நடந்தே கடந்தாள். தையல் பிரித்த வாரமே காலணி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிறகு பல ஆண்டுகளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நோய் திரும்பாமலிருக்க அது தேவை. ஆனால் எலும்பை மெலியவைக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் தசையும் ஏற்கெனவே கரையத் தொடங்கியிருக்கும், அதன்மேல் இதுவும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர்கள் அவளை நூருலிடம் அனுப்பினார்கள்.

நூருல் அன்று விளக்கியது எனக்கு மறக்கவில்லை. நடப்பதை விடவே விடாதீர்கள், அது இதயத்துக்கு என்றாள். ஆனால் எலும்புக்கு வேறு தீனி வேண்டும். கனத்தைத் தூக்கும்போது தசை எலும்பைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் எலும்பு தன்னை உறுதிப்படுத்திக்கொள்கிறது. நடப்பவருக்கு நடக்கத் தெரியும், அவ்வளவுதான். விழப்போகும்போது தாங்கிக்கொள்வதும், விழுந்தால் எழுவதும் தசை செய்கிற வேலை.

"அதனால் எடை தூக்குங்கள், ஆன்ட்டி" என்று முடித்தாள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா மட்டும் உயிரோட இருந்து இதக் கேக்கணும்!" என்றாள்.

அம்மாவின் பயம்

அக்கா பள்ளியில் குண்டு எறிந்தவள். இதை இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நாங்கள் வளர்ந்தது பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பில். அக்கா உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த புதிதில், விளையாட்டு ஆசிரியை ஒருவர் எல்லாப் பெண்களையும் வரிசையில் நிறுத்தி இரும்புக் குண்டை எறியச் சொன்னாராம். அக்காவின் குண்டு போய் விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அவளை மட்டும் மறுபடி எறியச் சொன்னாராம். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குப் பெயர் கொடுக்க அம்மாவின் சம்மதம் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

அம்மா அவருக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். மரியாதையாக மறுத்தார். அவர் போனபிறகு அக்காவிடம் திரும்பினார்.

"வயசுக்கு வந்த பிள்ள கனம் தூக்குனா கர்ப்பப்பை எறங்கிடும். தோளெல்லாம் ஆம்பள மாதிரி ஆயிடும். அப்புறம் யாரு கட்டிக்குவா?"

அன்று சாயங்காலமே, மளிகைக் கடையிலிருந்து அரிசி மூட்டையை இடுப்பில் வைத்துத் தூக்கிவரச் சொல்லி அக்காவை அனுப்பினார். அதில் எந்த முரணும் அம்மாவுக்குத் தெரியவில்லை. துணி அலசிய வாளி, இடுப்பில் தம்பி தங்கை, அடுப்பிலிருந்து இறக்கும் சோற்றுப் பானை, இவையெல்லாம் கனத்தில் சேராது. அவை வீட்டு வேலை. கனம் என்றால் ஊர் பார்க்கத் தூக்குவது.

அக்கா அதற்காக அழுததாக எனக்கு நினைவில்லை. அந்த ஆசிரியையைப் பள்ளியில் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கமாகச் சுற்றிப் போய்விடுவாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

எத்தனையோ பெண்களிடம் இதைப் பிறகு கேட்டுப் பார்த்துவிட்டேன். ஏறக்குறைய எல்லோருக்கும் இதே வசனத்தை யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார்கள்.

இரும்பின் குளிர்

அக்கா வீட்டுப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் கீழே மூத்தோருக்கான நிலையம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் கேரம் பலகை, மறுபக்கம் கரோக்கே. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஜிம். நூருல் எழுதிக் கொடுத்த குறிப்போடு அங்கே போனோம். தனியாகப் போக மாட்டேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டாள் அக்கா.

பயிற்சியாளர் ஷாலினி. இருபத்தைந்து வயது இருக்கும். பூன் லேயிலிருந்து ரயிலேறி, தீவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வருவாள். தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள், கடைசியில் இந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"ஆன்ட்டி, முட்டிய மட்டும் மடக்காதீங்க. ஹிப்ப பின்னால தள்ளுங்க. ரெண்டு கையிலயும் மார்க்கெட் பேக் இருக்கும்போது கார் கதவ எப்படிச் சாத்துவீங்க? பின்பக்கத்தால இடிச்சுத்தானே? அதே மாதிரி லா."

அக்கா இடித்தாள். ஷாலினி கைதட்டினாள்.

தரையிலிருந்து கம்பியை எடுத்து நிமிரும் அந்தப் பயிற்சிக்கு டெட்லிஃப்ட் என்று பெயர் சொன்னதும், அக்கா முகத்தைச் சுளித்தாள். "என்னம்மா பேரு இது? வேற பேரே கெடைக்கலயா?"

முதல் வாரங்களில் கம்பி இல்லை. வெறும் தடிக்குச்சி. பிறகு கைக்கடக்கமான டம்பெல். நாற்காலியில் உட்கார்வதும் எழுவதும்கூட ஒரு பயிற்சிதான். அதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்தாள் ஷாலினி. வீட்டுக்குப் போனதும் தொடை கெஞ்சும். படி இறங்கும்போது ஐயோ அம்மா என்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்குவேன். என் கணவர், "இந்த வயசுல யாரோட குஸ்தி போடப்போற?" என்று தைலம் தேய்த்துவிடுவார்.

ஆனால் ஒருநாள் பேருந்தில் இருக்கையிலிருந்து கம்பியைப் பிடிக்காமல் எழுந்துவிட்டேன். எழுந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. அக்காவுக்கு உடனே போன் செய்தேன்.

"நான் போன வாரமே எந்திரிச்சுட்டேன். நீ வருத்தப்படுவேன்னு சொல்லல" என்றாள்.

முதன்முதலாக இரும்புக் கம்பியைத் தொட்ட நாள், அக்கா அதை உடனே தூக்கவில்லை. குனிந்து இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். குளிர்சாதனத்தில் கிடந்த இரும்பு சில்லென்று இருக்கும். அவள் என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு மூச்சை உள்ளே இழுத்து, அடக்கி, நிமிர்ந்தாள்.

நடப்பதையும் அவள் விடவில்லை. காலையில் கடலோரம், வாரம் இருமுறை ஷாலினி. "நடக்கும்போது யோசனை ஓடிக்கிட்டே இருக்கும், விஜி. இதத் தூக்கும்போது ஒண்ணுமே ஓடாது. அவரு போனதுகூட ஞாபகம் வராது" என்றாள் ஒருமுறை.

அந்த வருஷம் முடிவதற்குள் நாற்பது கிலோவைத் தரையிலிருந்து தூக்கினாள். அவள் எடையே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கரோக்கே பாடிக்கொண்டிருந்த சீனத்து மூதாட்டிகள் மைக்கை வைத்துவிட்டு வந்து கண்ணாடிக் கதவோரம் நின்று பார்த்தார்கள்.

தேக்காவில் ஒரு சனிக்கிழமை

தீபாவளிக்கு முந்தைய கூட்டத்தில் அக்காவும் நானும் தேக்கா சந்தைக்குப் போயிருந்தோம். பஃபலோ சாலையில் பூக்கடைகளின் ஈரம் நடைபாதை வரை வழிந்துகொண்டிருந்தது. மல்லிகையும் மீனும் மாம்பழமும் சேர்ந்த அந்த வாசனைக்கு இன்றுவரை எனக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

முதலில் தையல்காரரிடம் போனோம். மாடியில் ஒரு மூலைக்கடை. பல வருஷமாக அக்காவுக்கு ஜாக்கெட் தைப்பவர். அளவு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்த அக்கா திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"கை பிடிக்குது."

தையல்காரர் டேப்பைச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். "ஆமாக்கா. கை பெருத்துப்போச்சு. பிரிச்சு விடவா?"

வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். அக்கா கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பி, கையை மடக்கி, தோளுக்குக் கீழே திரண்ட அந்தச் சின்ன மேட்டைப் பார்த்தாள். அறுபதைத் தாண்டியவளின் முகத்தில் அப்படியொரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை.

"புதுசுக்கெல்லாம் கை கொஞ்சம் தாராளமா வெட்டுங்க" என்றாள்.

அங்கிருந்து மளிகைக் கடைக்குப் போனோம். பத்துக் கிலோ பொன்னி அரிசி வாங்கினாள். ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த கடை ஊழியர் ஒருவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார்.

"விடுங்கம்மா, நான் டாக்ஸிக்குக் கொண்டாந்து தாரேன்."

"தள்ளுங்க தம்பி" என்றாள் அக்கா.

கால்களைக் கொஞ்சம் அகட்டி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகு வளையாமல் குனிந்து, மூட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். ஒரு மாமி, "ஐயோ, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது" என்று பதறினார். அக்கா திரும்பி, "பிடிச்சுக்கிட்டிருந்ததுதான் விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் எனக்கு முன்னால் நடந்துபோன அந்தப் பின்புறத் தோற்றம்! கூட்டத்துக்கு நடுவே, கழுத்து நிமிர்ந்து, பின்னலில் கனகாம்பரம் ஆட. அக்காவை நினைத்தால் எனக்கு இந்தக் காட்சியே போதும் என்று சில நாள் தோன்றும்.

"தமிழ்ல சொல்லு"

நோய் திரும்பியது அடுத்த ஆண்டு. வழக்கமான பரிசோதனையில் ஏதோ சரியில்லை என்று மறுபடி கூப்பிட்டார்கள்.

டாக்டர் நல்ல மனிதர். அவசரமில்லாமல், ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். அக்காவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் சொல்லி முடித்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"விஜி, இதத் தமிழ்ல சொல்லு."

"உனக்குத்தான் புரிஞ்சிருக்குமேக்கா."

"புரிஞ்சுது. இருந்தாலும் சொல்லு. கோர்ட்டுல சொல்ற மாதிரி."

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வழக்கம் உண்டு. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. சாட்சி 'நான் பார்த்தேன்' என்றால் நானும் 'நான் பார்த்தேன்' என்பேன். கொலைசெய்தவன் 'நான் குத்தினேன்' என்றால் என் வாயிலிருந்தும் 'நான் குத்தினேன்' என்றே வரும். குரலில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. முப்பது வருஷத்துக்கு மேல் அப்படிப் பேசிப் பழகியவள் நான்.

அக்காவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"உங்களுக்கு முன்பு வந்த புற்றுநோய் திரும்பி வந்திருக்கிறது. இப்போது அது கல்லீரலில் இருக்கிறது. இதை என்னால் முழுமையாகக் குணப்படுத்த முடியாது. ஆனால், கூடிய மட்டும் தள்ளிப்போட முயற்சி செய்வேன்."

எத்தனையோ பேருடைய 'நான்' என் வாய் வழியாகப் போயிருக்கிறது. அன்று சொன்ன 'என்னால் முடியாது' மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அக்கா தலையாட்டினாள். "அவர்கிட்ட ஒண்ணு கேளு. எலும்புக்குப் போயிருக்கா? நான் ஷாலினிகிட்டப் போகலாமா?"

அதையும் அதே முறையில் ஆங்கிலத்தில் கேட்டேன். 'நான் எடை தூக்கலாமா?' என்று. டாக்டர் ஒரு கணம் குழம்பி என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். எலும்பில் இல்லை என்றார். உடம்பு இடம்கொடுக்கும் வரை, கவனமாக, தூக்கலாம் என்றார். உண்மையில் இவ்வளவு தசையோடு அக்கா வந்திருப்பது தனக்கு உதவி, சிகிச்சையைத் தாங்க அதுவும் வேண்டும் என்றார்.

வெளியே வந்து உணவங்காடியில் உட்கார்ந்தோம். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அக்கா அழுதாள்.

"இங்கிலீஷ்ல கேட்டப்ப ஆபீஸ் மெமோ மாதிரி இருந்துச்சு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ சொன்னாத்தான் அழுகை வரும்னு தெரியும். அதான் சொல்லச் சொன்னேன்."

இறங்குமுகம்

மருந்து ஏறிய வாரங்களில் படுத்துக்கிடப்பாள். அடுத்த வாரம் காலணி மாட்டிக்கொள்வாள். கடலோரம் வரை போக முடியாது. புளோக்கைச் சுற்றி வருவாள். ஷாலினியிடமும் போனாள். ஷாலினி கம்பியிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாகக் குறைத்தாள். நாற்பது முப்பதானது. முப்பது வெறும் கம்பியானது. பிறகு டம்பெல். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது மட்டும்.

"பரவாயில்ல ஆன்ட்டி. இன்னிக்கு வந்தீங்கல்ல, அது போதும் லா" என்பாள் ஷாலினி. அக்காவை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, கழிவறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். நான் கவனித்திருக்கிறேன்.

தீபாவளி மறுபடி வந்தது. தாராளமாக வெட்டச் சொன்ன ஜாக்கெட்டை அக்கா போட்டுக்கொண்டாள். கைக்குள் இன்னொரு கை நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று இருந்தது. நான் உள்பக்கம் ஊக்குக் குத்திவிட்டேன். அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு நான் அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் தாதி ஒருவர் வாரந்தோறும் வந்து பார்த்துவிட்டுப் போவார். இவ்வளவு முற்றிய நிலையிலும் இவர் தானே எழுந்து கழிவறைக்குப் போவதை அவர் ஆச்சரியமாகச் சொன்னார். அக்காவுக்கு அது ஒன்றுதான் வைராக்கியம். கட்டிலில் கால்களைக் கீழே தொங்கவிட்டு, பாதங்களை அகட்டி வைத்து, மூச்சை இழுத்து அடக்கி, எழுவாள். அதே முறை, அதே மூச்சு. எழுந்து நின்றதும் என்னைப் பார்த்து, பார்த்தியா என்பது போல் புருவத்தை உயர்த்துவாள்.

எடை தூக்கியதால் அக்கா பிழைக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால், படுக்கையில் பாத்திரம் வைக்கும் நிலை தனக்கு வரக்கூடாது என்பதுதான் அவள் இந்த உலகத்திடம் கடைசியாகக் கேட்டது. அது அவளுக்குக் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது.

அந்தக் காலை

ஒரு காலை. பக்கத்து வீட்டில் சம்பால் வதக்கும் காரநெடி. நடைபாதைக் கம்பிகளின் நிழல், அக்காவின் கட்டில் கிடந்த கூடத்துத் தரையில் விழுந்திருந்தது.

அக்கா கால்களைத் தொங்கவிட்டாள். பாதங்களை அகட்டினாள். மூச்சை இழுத்தாள். எழவில்லை.

மறுபடி இழுத்தாள். தோள் மட்டும் அசைந்தது.

அவள் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் போய் எதிரே நின்றேன். அவள் கைகளை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். என் கைகளை அவள் முதுகுக்குப் பின்னால் கோத்தேன். கால்களை அகட்டி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முதுகை நேராக்கி, மூச்சை அடக்கி நிமிர்ந்தேன். அக்காவும் என்னோடு எழுந்து வந்தாள்.

கூடத்தின் நடுவே அப்படியே நின்றோம். அவள் தலை என் தோளில் இருந்தது.

"எவ்ளோ இருக்கேன்?" என்று காதோரம் கேட்டாள்.

முந்தைய நாள்தான் தாதி எடை பார்த்திருந்தார். பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. "முப்பத்தஞ்சு."

"அவ்ளோதானா?" என்றாள். "நான் நாப்பது தூக்குனவடி. என்னை நானே தூக்கியிருப்பேனே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சத்தம் வரவில்லை, அவள் விலா எலும்புகள் என் மேல் அதிர்ந்தன. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. அப்புறம், "சரி, பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போ. அவசரம்" என்றாள்.

அதன்பிறகு அவள் இருந்த சில நாட்களும் நான்தான் தூக்கினேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. என் முதுகு ஒருமுறைகூட வலிக்கவில்லை.

கடைசியில் நினைவு தப்பியபிறகும் அவள் இதயம் நிற்கவில்லை. மூச்சு விட்டுவிட்டு வந்தது. நாடி மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டே இருந்தது. "ரொம்ப பலமான இதயம். அதனால்தான் நேரமாகிறது" என்றார் தாதி. அத்தனை காலம் கடலோரம் நடந்து நடந்து அவள் வளர்த்த இதயம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, போதும்க்கா, போதும், நின்னுக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில் நின்றது.

கண்ணாடிக் கதவுக்குள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சில வாரம் கழித்து ஷாலினியிடம் போனேன். அக்கா இல்லாமல் அந்தக் கதவைத் தள்ளியது அதுவே முதல்முறை. ஷாலினி கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கம்பியில் தட்டு மாட்டினாள். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. கம்பி பதினைந்து. எனக்கு அது வெகு சாதாரணமான எடை.

குனிந்து பிடித்தேன். என் கைகளுக்கு அந்த எடை என்னவென்று தெரிந்துவிட்டது. விரல்கள் மூடின, ஆனால் நிமிர முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடியே நின்றேன். கண்ணீர் சொட்டி ரப்பர் தரையில் விழுவதைப் பார்த்தேன்.

"ஆன்ட்டி? ஹெவியா இருக்கா? குறைக்கவா?"

"குறைக்காதே" என்றேன். "இது அக்கா. கடைசியா அவ இருந்த எடை."

ஷாலினி முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தட்டின் விளிம்பை உள்ளங்கையால் தடவினாள். கரோக்கே அறையில் யாரோ சீனத்தில் ஒரு பழைய பாட்டைத் தொடங்கி, சுருதி சேராமல் நிறுத்தி, மறுபடி தொடங்கினார்கள்.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து இரண்டு சின்னத் தட்டுகளை எடுத்துவந்தாள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"நாப்பது ஆன்ட்டி" என்றாள். குரல் உடைந்திருந்தது.

மூச்சை இழுத்தேன். தூக்கினேன்.